இதயம் ஏன் நின்றது

அண்ணா,

அம்மா அடுத்த அறையில் தூங்குகிறாள். உனக்கு எழுதுவது தெரிந்தால் அவ்வளவுதான்.

அப்பாவை எரித்த பின் எலும்பு பொறுக்கும்போது, "கொன்னவன் கை படக் கூடாது" என்று எலும்பை எடுக்க நீ பிடித்திருந்த குச்சிகளை அவள் பிடுங்கினாளே. அவர் இறப்பதற்கு முந்தைய நாள் அவரோடு சண்டை போட்டதால் நீயும் அதை நம்பி ஓசாகாவுக்குப் போய்விட்டாய்.

பள்ளி ஆய்வுக்குப் பிணக்கூறாய்வு மருத்துவர்களின் பற்றாக்குறையை எடுத்தேன். நம் மாவட்டத்துக்கே ஒருவர்தான், கஜிவாரா டாக்டர். 'இதயச் செயலிழப்பு' என்றிருந்த அப்பாவின் சான்றிதழைக் காட்டினேன்.

"இதயம் எல்லாருக்கும்தாம்மா நிக்கும்! ஏன் நின்னுச்சுன்னு அறுத்துப் பார்க்க நான் ஒருத்திதான் இருக்கேன். பார்க்காத உடம்புக்கெல்லாம் இப்படித்தான் எழுதிடுறாங்க" என்றார்.

அப்பா இறந்த அன்று, அறுத்துப் பார்க்கலாமா என்று போலீஸ்காரர் கேட்டபோது, "அவரை அறுக்காதீங்க" என்று தலைகுனிந்து கெஞ்சியது அம்மாதான். அப்பா எதனால் இறந்தார் என்று யாருக்கும் தெரியாது, அண்ணா. உன்னால் என்பதற்கு ஆதாரமே இல்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பள்ளியில் பெற்றோர் முன்னால் இந்த ஆய்வைப் படிக்கிறேன். அம்மாவும் இருப்பாள். ஒரு வரியையும் விடமாட்டேன். பிறகு மருத்துவம் படிப்பேன். கஜிவாரா டாக்டருக்கு இன்னொரு ஆள் வேண்டும்.

வந்து கடைசி வரிசையில் உட்கார். உன்னைப் பார்த்துத்தான் படிப்பேன்.

பாதி பயத்தோடு,
உன் தங்கை