பானைக்காரி எண்ணாத எண்

என் வாயாடி கௌரி அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். பானைக் கணக்கைப் போட்டுவிட்டேன்! உன் விளையாட்டை ஆடுகிறவர்கள் ஊர் ஊராக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கணக்கு. உன் தம்பி ஈப்போவில் ஒரு லிப்டுக்குள் நின்றபடியே போட்டான். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நீ போன பிறகு நடந்ததைச் சொன்னால்தான் உனக்குப் புரியும். டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு டேப்லெட்டில் ஓர் ஆடு வளர்த்தாயே, மீன்வால் வைத்த சிங்காரம், அவன் இப்போது அம்மாவின் பொறுப்பு. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் பெரட்டில் பேர் கொடுக்க விடியுமுன் எழுந்த பழக்கம் அவளை இன்னும் விடவில்லை. எழுந்ததும் டேப்லெட்டைத் திறந்து, "சாப்பிடுடா சிங்காரம், இன்னிக்கும் நான்தான்" என்று புல் போடுவாள். அப்புறம்தான் காப்பி.

போன மாதம் அந்த விளையாட்டில் கல் நோய் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பிராணிகள் காலிலிருந்து மெல்லக் கல்லாகிக்கொண்டே வரும். மருந்தை நாமே பானைக்காரி என்ற கிழவியின் பானையில் கலக்க வேண்டும். கெடு முடிவதற்குள் கலக்காவிட்டால் ஆடு கடைசிவரை சிலைதான். சிங்காரத்துக்கு முதலில் குளம்பு போனது. பிறகு வயிறு. அம்மா புல் போடுவதை நிறுத்தவில்லை. "வாய் அசையுதுலா" என்றாள்.

முறை ஒன்றும் கடினமில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. இரண்டோ மூன்றோ பானையில் போட்டால் அவள் கூட்டிச் சொல்வாள். சரியாக இருபத்து மூன்று வந்தால் மருந்து. வராவிட்டால் போட்டதெல்லாம் கரி.

எனக்கா கூட்டத் தெரியாது? ஏழு, ஏழு, ஒன்பது போட்டேன். இருபத்திரண்டு என்றாள். கரி! ஆறும் ஆறும் போட்டால் பதினொன்று என்கிறாள். ஏழும் ஒன்பதும் போட்டால் மட்டும் யோக்கியமாகப் பதினாறு என்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு, உங்கள் பானைக்குக் கூட்டத் தெரியவில்லை, முதலில் அதைப் பழுதுபாருங்கள் என்று விளையாட்டை நடத்துகிறவர்களுக்கு எழுதிவிட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: பானைக்காரிக்கு ஓர் எண் என்றால் பயம்.

அவ்வளவுதான் துப்பு. வெள்ளைக்காரர்கள் எல்லோரும் அது பதின்மூன்று என்று கூடிப் பேசினார்கள். நானும் அதை நம்பிச் சில பொருட்களை எரித்தேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"எட்டுதான்டா அது. எட்டாம் நம்பருக்கு எவன் பயப்பட மாட்டான்? எட்டு போட்ட சாமானை எல்லாம் தூக்கி எறி."

"அம்மா, இது ஜாதகம் இல்ல. கணக்கு."

"நீ போட்ட கணக்குலதான் பாதி ஆடு கல்லாப் போச்சு."

நான் வேலைக்குப் போயிருந்தபோது எட்டு எண் பொருட்களை விற்றுவிட்டு, மிச்சத்தை ரசத்துக்குப் பொடி போடுவதுபோலக் கண்ணளவில் போட்டுப் பார்த்திருக்கிறாள். எல்லாம் கரி. வந்து பார்த்துவிட்டுக் கத்தினேன். விளையாட்டில் உன் பையில் மிஞ்சியது இரண்டு இறகு, ஒரு காளான், ஓர் உப்புக்கல். இன்னும் ஒரே ஒரு தடவை கலக்கலாம். கெடுவோ இன்று மாலையோடு முடிகிறது.

"விடும்மா, வெறும் படம்தானே" என்றேன் இன்று காலையில்.

"வெறும் படம்னா நீ ஏன்டா அந்தக் கத்து கத்துன? இவனும் போயிட்டா, காலையில நான் யாருக்காக எந்திரிக்கிறது?"

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

புதிதாக எங்கள் கைக்கு வந்த ஓர் அடுக்குமாடியில் லிப்டைச் சோதிக்கும் வேலை. என்னோடு வேலை செய்கிற காதர் அண்ணன் மேலே இயந்திர அறையில், நான் லிப்டுக்குள். வாக்கி-டாக்கியில் பேசிக்கொண்டே ஒவ்வொரு மாடியாக நிறுத்திப் பார்த்தோம்.

"பதினாலு. நிக்குதா?" என்றார்.

"பதினாறுண்ணே. உள்ள பதினாறுன்னு எரியுது."

"இங்க எண்ணிக்கையில பதினாலுதான் காட்டுது. இது நாலு இல்லாத கட்டடம்லா. பதினாலும் கிடையாது. 3ஏ கூடப் போடல, மூணுக்கு மேல நேரா அஞ்சு."

அக்கா, அப்படியே உறைந்துவிட்டேன். நாலு! சீனர்களின் காதில் சாவு என்று விழுகிற நாலு! குனோங் ராபாட்டில் நம் தெருவிலேயே நாலாம் எண் வீட்டில் 3ஏ என்றுதானே பலகை தொங்குகிறது? தினமும் அதைத் தாண்டி பைக்கில் போகிற நான் வெள்ளைக்காரனின் பதின்மூன்றைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

எண்ணுக்குப் பயம் என்றால் அது வந்ததும் பானை வெடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் எண்ணும்போதே அதைத் தாண்டிவிடுகிறாள்! ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து. அவளுடைய ஆறு உண்மையில் ஐந்தாவது. ஐந்தும் ஐந்தும் பத்து. நாலைத் தாண்டி எண்ணினால் பத்தாவதாக வருவது பதினொன்று. ஏழும் ஒன்பதும் உண்மையில் ஆறும் எட்டும். ஆக மொத்தம் பதினாலு. நாலையும் பதினாலையும் விட்டால், நான் நின்றுகொண்டிருந்த அதே பதினாறு! நான் சத்தம் போட்டது மேலே வரை கேட்டிருக்கிறது.

"டேய், கை கிய் மாட்டிக்கிச்சா?"

"இல்லண்ணே! சிங்காரம் பொழச்சிடுவான்!"

"யாருடா அது?"

"அக்கா வளர்த்த ஆடு!"

"ஆடா? அதை ஏன்டா என்கிட்ட சொல்ற, எங்க மச்சான் பிரியாணிக் கடை வச்சிருக்காரு."

வேலையை முடித்த கையோடு மழையில் பைக்கை விரட்டினேன். இருபத்து மூன்று என்பது அவளுக்கு இருபத்தொன்றாவது. இறகு ஒன்பது, அதாவது எட்டு. இரண்டு இறகுக்குப் பதினாறு. காளான் ஆறு, அதாவது ஐந்து. கூட்டினால் இருபத்தொன்று! ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் திரும்பத் திரும்பக் கூட்டினேன். சாதாரணக் கூட்டலில் அது இருபத்து நாலு. என் கணக்கு தப்பானால் எல்லாம் முடிந்தது.

வீட்டில் சிங்காரத்தின் வாயும் பாதி சாம்பல் நிறமாகியிருந்தது. அம்மா சாமி விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சீக்கிரம்! கெடு முடியுது!"

"ஈரத்தோட உள்ள வராத. இரு, திரியைத் தூண்டிட்டு வாரேன்."

வந்தாள். இறகு, இறகு, காளான். அவள் விரலாலேயே போடச் சொன்னேன். உப்புக்கல்லையும் போடப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். பானை கொதித்தது.

இருபத்து மூன்று.

சிங்காரம் உடம்பை உதறினான். திரை முழுக்கக் கல் தூள். வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடியவன் காலி தொட்டிக்குள் தலையை விட்டுக் கத்தினான். "இருடா, வாரேன், பறக்காத" என்று அம்மா ஆட்டைத் திட்டிக்கொண்டே அழுதாள். நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பிறகு திரையில் ஒரு கட்டம் வந்தது. குணமாக்கியவரின் பெயரை எழுதினால் அது ஆட்டின் கழுத்து மணியில் கடைசிவரை இருக்குமாம். என் பெயரை அடிக்கப் போனேன்.

"அக்கா பேரைப் போடு" என்றாள் அம்மா.

"கணக்குப் போட்டது நான்மா."

"வளர்த்தது அவடா."

இரண்டும் உண்மை. கட்டமோ ஒன்றுதான். பள்ளியில் என்னை எல்லோரும் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று நினைவிருக்கிறதா? அப்போது அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். நீ போனபின் யாரும் அப்படிக் கூப்பிடவே இல்லை. அதைத்தான் அடித்தேன். அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ம்" என்றாள். அவ்வளவுதான். புல் போடப் போய்விட்டாள்.

நாளைக்கு இன்னொரு நோயைக் கொண்டுவருவார்கள், எனக்குத் தெரியும். கொண்டுவரட்டும். விடியுமுன் எழுந்திருக்கிற அம்மாவுக்காக அந்தத் தொட்டியருகே ஒருவன் பசியோடு நிற்பான். அதற்கு நான் பொறுப்பு, அக்கா.

என்றும்,
கௌரி தம்பி