நீ மூடாத கேனபி

இன்று காலை பொன்னேரி ரயில் நிலையத்துக்கு வெளியே என் செருப்பு வார் அறுந்தது. படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவர், தைக்க நேரமாகும், அவசரம் என்றால் ஒட்டித் தருகிறேன் என்று ஒரு சின்ன ட்யூபை எடுத்து ஊசியால் குத்தினார். ஒரே ஒரு சொட்டுதான். அந்த நெடி மூக்கில் ஏறிக் கண் எரிந்ததும் எனக்கு உன்மேல் கோபம் வந்தது. கும்மிடிப்பூண்டி வண்டி வந்து நின்று, புறப்பட்டும் போய்விட்டது. நான் ஒற்றைச் செருப்போடு பார்த்துக்கொண்டு நின்றேன். ஷிஃப்டுக்குத் தாமதமாகப் போய், செருப்பு அறுந்தது என்று மட்டும் சூப்பர்வைசரிடம் சொன்னேன். மீதியைச் சொல்ல அங்கே ஆளில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

உன்னை முதலில் பார்த்ததும் அந்த வண்டியில்தான். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, உன் மனைவியின் நகம் தேய்க்கும் அரத்தால் கோவைக்காய் அளவுள்ள பிளாஸ்டிக் துண்டு ஒன்றைத் தேய்த்துக்கொண்டு வந்தாய். சாம்பல் நிறத் தூள் பக்கத்து அம்மாவின் சாப்பாட்டுப் பைமேல் கொட்டியது. "இன்னாபா, சோத்துமேல மாவு கொட்டிக்கினு வர்ற" என்று அவர் ஒரு பிடி பிடித்தார். நீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அந்தத் தூளை ஊதினாய். அது முழுக்க என் சட்டைமேல் வந்து படிந்தது. நான் சண்டைக்கு வரவில்லை. உன் கையில் இருந்தது மிக்-21 போர் விமானத்தின் வயிற்றடியில் தொங்கும் எரிபொருள் தொட்டி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த வட்டாரத்தில் பிளாஸ்டிக் மாதிரி விமானம் ஒட்டுகிற பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். நாற்பத்தெட்டா, எழுபத்திரண்டா என்று கேட்டேன். நிஜ விமானத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்ற கணக்கு அது, தெரிந்தவன்தான் கேட்பான். நீ தலைநிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, நகர்ந்து பாதி இருக்கையைக் கொடுத்தாய்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் என் வீட்டு மாடி அறையோடு போயின. நீ, நான், அத்திப்பட்டில் அனல்மின் நிலைய வேலையில் இருக்கும் ஜோசப். மூன்று பேரும் பேசியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். ஜோசப்புக்கு ஒவ்வொரு ஆணியும் நிஜ விமானத்தில் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். லென்ஸும் கையுமாக நம் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பான். எனக்கோ முடித்தாக வேண்டும். விமானப் பாகங்கள் அடைத்த ஒரு பெட்டியைப் பிரித்தால் வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, சக்கரத்தில் நிற்க வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். என் அலமாரி நிறைய விமானங்கள். எல்லாம் முடிந்தவை, ஒன்றும் பிரமாதமில்லை.

நீ எதையும் முடித்ததே கிடையாது. விமானி உட்காரும் குழிக்குமேல் கண்ணாடி மூடி ஒன்று வருமே, கேனபி, அதை ஒட்டிவிட்டால் உள்ளே கை போகாது. கேனபி ஒட்டினால்தான் விமானம் முடிந்தது என்பது நம் மூவர் சட்டம். உன் மிக்-21 வால் வரைக்கும் பெயிண்ட் வாங்கி, ஏவுகணையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. கேனபி மட்டும் தனியாக ஒரு தீப்பெட்டிக்குள் கிடந்தது. மாத்திரை அட்டையின் பின்பக்கத் தகட்டைக் கீறி இருக்கைக்கு பெல்ட் செய்தாய். பழைய ஒயரைப் பிரித்துச் செம்பு இழையில் குழாய்கள் செய்தாய். ஜோசப்பே சரி என்று தலையாட்டிய பிறகும், பெல்ட் புதுசாகத் தெரிகிறது, ஆள் உட்கார்ந்து அழுக்கான மாதிரி இல்லை என்று முதலிலிருந்து ஆரம்பித்தாய். மூடித் தொலை, மழை வந்தால் பைலட் நனைவான் என்று நான் கத்துவேன். "இர்ரா, இன்னும் ஒண்ணு பாக்கி கீது" என்பாய். அந்த இன்னும் ஒன்று வருடக்கணக்கில் ஓடியது.

ஒரு நாள் கோபத்தில் கேட்டேன், எதற்குடா இப்படி இழுக்கிறாய் என்று. கேனபிக்குள் இடது கட்டை விரலைக் கொடுத்து, ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "மூடிட்டா அப்பால அத்த யாருடா திரும்பிப் பாக்கப்போறா?" என் அலமாரியைக் குத்திக் காட்டுகிறாய் என்று எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. வெறுங்கையால் கண்ணாடியைத் தொடாதே என்று ஜோசப் உனக்குக் கையுறை வாங்கிக் கொடுத்திருந்தான். அதைப் போட்டால் விரலுக்குக் கண் தெரியவில்லை என்று கழற்றி வைத்துவிட்டாய்.

அந்த விரலைத்தான் ஒரு ஞாயிறு கத்தி பதம் பார்த்தது. பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து இறக்கையை அறுக்கும்போது வழுக்கி, இடது கட்டை விரலின் சதையைக் குறுக்காக வெட்டிவிட்டது. நீ முதலில் பார்த்தது விரலை இல்லை. இறக்கையில் ரத்தம் பட்டதா என்றுதான். க்ளினிக்கில் டாக்டர் தையல் போட்டுக்கொண்டே எதை வெட்டினாய் என்று கேட்டார். "பிளேனு சார்" என்றாய். குடித்திருக்கிறானா என்கிற மாதிரி அவர் என்னைப் பார்த்தார். காயம் ஆறிய பிறகு உன் ரேகைக்கு நடுவே சாய்வாக ஒரு கோடு நின்றுவிட்டது. உன் கம்பெனி வாசலில் வருகைக்கு விரல் வைக்கிற மெஷின் அதற்கப்புறம் உன் கட்டை விரலை ஒப்புக்கொள்ளவே இல்லை. தினமும் பின்னால் ஆட்கள் வரிசையில் பல்லைக் கடிக்க, நீ துடைத்துத் துடைத்து வைப்பாய். கடைசியில் வேறு விரலைப் பதிந்து கொடுத்தார்கள்.

உன் வீட்டில் அந்த விரலுக்கு வேறு கெட்ட பெயர். பெயிண்டும் பசையுமாக நீ எதைத் தொட்டாலும் அச்சு விழும். பிரிட்ஜ் கதவு, சுவிட்ச் போர்டு, பீரோ கண்ணாடி, ஒரு முறை புதுச் சுவர். உன் மனைவி பழைய பனியனில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருப்பார். நான் வந்தால் என்னிடம் முறையிடுவார்: "பாருங்கண்ணா, ஊட்ல ஒரு எடம் பாக்கி இல்ல. போலீஸ்காரன் வந்தா தேட வேணாம்." நீ சிரித்துக்கொண்டே தண்ணீர் எடுக்கப் போய், துடைத்த கதவிலேயே மறுபடி கை வைப்பாய்.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றாய், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன் என்றாய். சென்னைக்குக் கூட்டிப்போனார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் ஷிஃப்டில் இருந்தேன். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது ஜோசப் கேட்டருகே நின்றுகொண்டிருந்தான். என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான், எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எதையும் முடிக்காத நீ இதை மட்டும் ஒரு வாரத்தில் முடித்துக்கொண்டு போய்விட்டாய்.

காரியத்துக்கு முன்னால் உறவுக்காரர்கள் உன் வீட்டைக் கழுவி வெள்ளையடித்தார்கள். பிரிட்ஜையும் சுவிட்ச் போர்டையும் பளிச்சென்று துடைத்தார்கள். அது எப்போதும் நடப்பதுதானே என்று எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

போன மாதம் உன் மனைவி கூப்பிட்டார். திருநின்றவூரில் அம்மா வீட்டுக்கே போய்விடுகிறார், ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றுகிறார்கள். பிரிக்காத பெட்டிகளை எல்லாம் எங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மிக்-21ஐ மட்டும் தனியே கொடுத்து, "ஒண்ணாச்சும் முடிஞ்சதா என்கூட வரட்டும்ணா. தூசி பூராம மூடிக் குடுத்துடுங்க" என்றார். அவர் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான். நான் வாக்குக் கொடுத்தேன். தீப்பெட்டியை அன்றே சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

போட்டுக்கொண்டு என்ன செய்தேன்? தினமும் விமானத்தை மேசையில் வைப்பேன், குழிக்குள் எட்டிப் பார்ப்பேன், நீ சொன்ன அந்தப் பாக்கி எது என்று தேடுவேன். எனக்கு எல்லாம் முடிந்ததாகத்தான் தெரிந்தது. எழுந்து மாடியில் நடப்பேன். இப்படியே சனிக்கிழமை மதியம் வந்துவிட்டது.

கேனபிக்கு வெள்ளைப் பசைதான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? தச்சர்கள் மரம் ஒட்டுகிற அதே பசை. காய ஒரு ராத்திரி ஆகும், ஆனால் கண்ணாடி தெளிவாக இருக்கும். செருப்பு ஒட்டும் பசை நொடியில் பிடிக்கும், அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். இந்த வேலையில் இறங்குகிறவன் முதல் விமானத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம். சனிக்கிழமை என் வெள்ளைப் பசை டப்பா காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. கடைத்தெருவுக்கு நடந்தால் கிடைத்திருக்கும். என் கை பொறுக்கவில்லை. பின்பக்க ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் என்ன ஆகிவிடும் என்று, செருப்பு ஒட்டும் அந்தப் பசையையே தொட்டு, உன் கேனபியை மூடிவிட்டேன்.

முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் உள்ளே பனி படிந்துவிட்டது. நீ வருடக்கணக்கில் செய்த பெல்ட், குழாய், விமானி பார்க்கும் டயல்கள் எதுவும் தெரியவில்லை. அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஜோசப்பைக் கூப்பிட்டேன். வண்டி பிடித்து வந்தவன் திட்டக்கூட இல்லை. லென்ஸை எடுத்துக்கொண்டே, இது ஒன்றும் போகாத கறையில்லை, கத்தியால் மெல்ல நெம்பி எடுத்து, பற்பசை போட்டுத் தேய்த்தால் கண்ணாடி பழையபடி வரும் என்றான். எனக்கு உயிர் வந்தது. கத்தியை எடுத்து விளிம்பில் வைத்தேன்.

"இரு" என்றான். லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு என்னிடம் நீட்டினான். அந்த வெள்ளைக்கு நடுவில், கண்ணாடியின் உள்பக்கத்தில், ஒரு கட்டை விரல் அச்சு. வளைந்து வளைந்து போகும் ரேகைகள், அவற்றைச் சாய்வாக அறுத்துக்கொண்டு ஒரு கோடு. இத்தனை நாள் கண்ணுக்குத் தெரியாமல் அங்கேதான் இருந்திருக்கிறது. பசையின் ஆவி போய் அதன்மேல் படிந்து எழுப்பிவிட்டது. மெஷின் ஒப்புக்கொள்ளாத விரலை எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

"தொடைக்கிறதுன்னா நீ தொடச்சிக்கோ. என்னால ஆவாது" என்று ஜோசப் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான். நான் கத்தியோடு நின்றேன். தேய்த்தால் உன் உழைப்பு தெரியும், நீ போய்விடுவாய். விட்டால் நீ இருப்பாய், அத்தனை வருட உழைப்பையும் யாரும் பார்க்க முடியாது. எதைச் சொல்லித் திட்டுவாய் நீ? உன்னைக் கேட்டுப் பழகிய விஷயத்தில் நானாக முடிவெடுக்க எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அப்படியே கொண்டுபோனேன். வெள்ளையடித்த வீடு காலியாக இருந்தது. பிரிட்ஜைக் கயிறு கட்டி வாசலருகே நிறுத்தியிருந்தார்கள். உன் மனைவி விமானத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நான் மூச்சுவிடாமல் பேசினேன்: என் அவசரத்தால் வந்தது, ஒரு வாரம் கொடுங்கள், சுத்தமாகத் துடைத்துத் திருநின்றவூருக்கே கொண்டுவந்து தருகிறேன், உள்ளே அவன் செய்ததெல்லாம் தெரியும் என்று. அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அந்தச் சாய்வுக் கோட்டைக் கண்டுபிடித்துவிட்டார். கொஞ்ச நேரம் பிரிட்ஜ் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி வருசமா தொடச்சிக்கினேதாண்ணா இருந்தேன்" என்றார். "இத்த உட்ருங்க."

விமானத்தைச் சாமான்களோடு வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்தார். நான் தெருமுனை வரை கூடவே நடந்தேன், எதற்கென்று தெரியாமல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோசப் இப்போதும் வருகிறான். என் மேசையில் ஒரு விமானம் கேனபி இல்லாமல் நின்றுகொண்டிருக்கிறது. முடிக்க வேண்டும் என்கிற அரிப்பு போகவில்லை, மூடவும் கை வரவில்லை. எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன், மறுபடி எழுந்திருக்கிறேன். உன் தீப்பெட்டி காலியாக என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. இன்று காலை அந்த நெடி ஏறியதும் கை தானாக அதைத்தான் தொட்டது. உள்ளே இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று அத்தனை வருடம் சொன்னாயே, அது என்னவென்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். இனிமேல் அந்தக் கண்ணாடி வழியே யாரும் பார்க்க முடியாது. பார்க்கிறவர்களுக்கு உன் விரல்தான் தெரியும்.