துக்கம் காத்த ரேடியோப் பெட்டி

என் ஆசை அண்ணைக்கு,

இன்று உங்களுடைய முப்பத்தோராம் நாள். காலையில் பூசை நடந்தது. சனமெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது. விருந்துக்கு விரித்த பாய்களை இன்னும் சுருட்டவில்லை. எனக்கு அழுகை வரவில்லை அண்ணை, கோபம்தான் வருகிறது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? இதில் ஒரு பிரதி எழுதிக் கோயில் கதவிலும் ஒட்டப்போகிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

கோயில் மூப்பர் சந்தியாப்பிள்ளையர் உங்களுக்குச் செய்த மரியாதையை முதலில் கேளுங்கள். பங்குச் சுவாமியார் மாதத்தில் ஒருதரம் வந்து போகிற இந்தத் தொலைதூரக் கரையில், உபதேசியாராக இருந்த நீங்கள் போன பிறகு கோயில் விஷயமெல்லாம் மூப்பர் சொன்னபடிதான். உங்களைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு, சுவாமியார் தங்கும் அறையிலிருந்த ரேடியோப் பெட்டியைக் கறுப்புத் துணியால் மூடிக் கட்டினார். அறையைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டார்.

"செத்தவீட்டுக்காலத்திலை பாட்டுப் பெட்டி திறக்கப்படாது. உபதேசியார் பிள்ளைபோலை பாத்த பெட்டி. முப்பத்தொண்டு கழியுமட்டும் அதுவும் துக்கம் காக்கட்டும்" என்றார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் துணியைப் பார்த்தே விம்மிய பெண்களும் உண்டு. பாட்டுப் பெட்டியாம்! அந்தப் பெட்டியில் நீங்கள் எத்தனை பாட்டுக் கேட்டீர்கள்? பின்னேரம் கொழும்பிலிருந்து வரும் காற்றுச் செய்திக்காக அல்லவா அதன் முன்னால் தவம் கிடந்தீர்கள்? திரிகால மணி அடித்துச் செபம் முடிந்ததும் கோயில் வாசலில் ஏறி நின்று, தகரக் குழலை வாயில் வைத்து, "சர்வேசுரனுக்குத் தோத்திரம். கோயில் ரேடியோ கதைக்குது" என்று தொடங்குவீர்களே. வள்ளம் தள்ளப் போகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் கடலைப் பார்ப்பார்கள். கார்த்திகை மாதத்தில், வாடைக் காற்று நினைத்தபடி ஆடுகிற காலத்தில், அந்த வாயைத்தான் உங்களுக்கு மரியாதை என்று கட்டி வைத்தார்கள்.

மூன்றாம் நாளே மூப்பரிடம் போய்க் கேட்டேன். "ஒரு மாசம் பொறுத்தால் குடி முழுகிப் போகுமே? துக்கவீட்டுப் பெட்டை நீ வெளியிலை வரப்படாது, போ" என்றார்.

பன்னிரண்டாம் நாள் கடல் அசையாமல் கிடந்தது. அப்படிக் கிடக்கிற கடலை நம்பக்கூடாது என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு போய் அறையின் பூட்டை உடைத்தேன். ஆம் அண்ணை, உடைத்தவள் நான்தான். ஊர் முழுக்க அதைத்தான் பேசுகிறது, அதனால் உங்களுக்கும் நானே சொல்லிவிடுகிறேன். கறுப்புத் துணியை அவிழ்த்து, பெட்டியைத் திருகி, காதை வைத்துக் கேட்டேன். கிழக்கே புயல், வடகரை வள்ளங்கள் இறங்கக்கூடாது என்று இங்கிலீஷில் இரண்டு தரம் சொன்னார்கள். வழக்கம்போல ஒரு தாளில் எழுதினேன். எழுதிக்கொண்டு கரைக்கு ஓடினேன்.

நாலு வள்ளம் புறப்பட நின்றது. நான் வாசித்தேன். மூப்பர் தாளைப் பறித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உபதேசியாருக்கு இங்கிலீஷ் தெரியும், அவர் சொன்னார். உவளுக்கு என்ன தெரியும்? உவளின்ரை கதையைக் கேட்டுக்கொண்டு நிண்டால் உங்கடை அடுப்பு எரியுமே?"

சீமோன் மட்டும் தயங்கி நின்றான். ரேடியோப் பெட்டியின் பற்றறியைத் தன் வள்ளத்தில் குருநகருக்குக் கொண்டுபோய் மின்சாரம் ஏற்றிக்கொண்டு வருவானே, அந்தச் சீமோன். என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "அண்ணை சொல்லியிருந்தால் வள்ளத்தை இழுத்துப் போட்டிட்டுப் போயிருப்பன், தங்கச்சி. நீ சொல்லி நான் எப்பிடி நிக்கிறது? சனம் சிரிக்காதே?"

போனான். நாலு வள்ளம் போய் மூன்றுதான் திரும்பி வந்தது. சீமோனின் வள்ளத்துப் பலகை ஒன்று அதற்கு ஐந்தாம் நாள் கரையில் ஒதுங்கியது. சீமோன் ஒதுங்கவில்லை.

மூப்பர் வந்து அது சர்வேசுரனுடைய சித்தம் என்றார். சர்வேசுரன்தான் எச்சரிக்கையும் அனுப்பினார் என்று நான் சொன்னேன். அன்றைக்கு மறுபடியும் துணியைக் கட்டி, புதுப் பூட்டும் போட்டார்கள்.

ஆனால் அண்ணை, உங்களோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. செத்தவரோடு சண்டை பிடிக்கக்கூடாதாம். பிடிக்கிறேன். சீமோனின் மனைவி ஞானம்மா தானாகவே ஊகித்து என்னிடம் வந்து கேட்டாள். "உபதேசியார் இருக்கேக்கையும் நீதானே கேட்டு எழுதினனீ? பிறகேன் ரெண்டு பேரும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

டவுனில் கன்னியாஸ்திரிமாரிடம் ஆறு வருஷம் இங்கிலீஷ் படித்தவள் நான். உங்களுக்கு அந்த வேகமான பேச்சில் பாதி பிடிபடாது. "நீ எழுது பிள்ளை, நான் வாசிக்கிறன். சனத்துக்கு என்ரை குரல் பழகிப்போச்சு" என்றீர்கள். நானும் சரி என்றேன். அத்தனை வருஷமும் நான் எழுதினதை நீங்கள் வாசித்தீர்கள். ஒரு நாளாவது அந்த வாசலில் நின்று, "இது என்ரை தங்கச்சி கேட்டு எழுதினது" என்று சொன்னீர்களா? அந்த ஒரு வசனம் சொல்லியிருந்தால் அன்றைக்குச் சீமோன் நின்றிருப்பான். எனக்கு உங்கள்மேல் எவ்வளவு பாசமோ, அவ்வளவு கோபமும் இருக்கிறது. நெருப்புக் காய்ச்சலில் புலம்பிக் கிடந்தபோதும் "காத்து எந்தப் பக்கம்?" என்றுதானே கேட்டீர்கள்? என் பெயரைச் சொல்ல மட்டும் எப்படி மறந்தீர்கள்? வாயை மூடிக்கொண்டிருந்த என்னையும் நான் விட்டுவைக்கவில்லை.

இன்று பூசையில் சுவாமியார் உங்களைப் புகழ்ந்தார். முடிந்ததும் மூப்பர் எழும்பி, துணியை இனி எடுக்கலாம், ஆனால் சுவாமியார் வருகிற நாளில் மட்டும் பெட்டியைத் திறப்பதே ஒழுங்கு என்றார். மற்ற நாளில் கேட்டுச் சொல்ல ஆள் இல்லையாம். நான் அங்கேதான் நின்றேன், அண்ணை. கறுப்பு உடுத்து, அவர் கண்ணுக்கு நேரே நின்றேன்.

அப்போது ஞானம்மா எழும்பினாள். ஆணியில் தொங்கிய தகரக் குழலை எடுத்து, முந்தானையால் தூசு துடைத்து, எல்லாரும் பார்க்க என் கையில் தந்தாள். "இவள் சொன்னவள். என்ரை மனிசன் கேக்கேல்லை" என்றாள். கோயிலில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"பெம்பிளைக் குரல் கோயில் வாசலிலை..." என்று மூப்பர் இழுத்தார். சுவாமியார் அவரிடம் திறப்பைக் கேட்டு வாங்கி என் முன்னால் வைத்தார்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் செய்தி வரும். கரையில் வள்ளக்காரர் நிற்பது இங்கிருந்தே தெரிகிறது. நம்பி நிற்கிறார்களோ, வேடிக்கை பார்க்க நிற்கிறார்களோ, எனக்குத் தெரியாது. யார் சிரித்தாலும் நான் வாசிப்பேன்.

உங்களுக்காக ஒரு வருஷம் கறுப்பு உடுப்பேன். ஆனால் ஒரு நாளும் வாய் மூடமாட்டேன். இது உங்கள் குழிமேல் நான் வைக்கிற சத்தியம். சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லித்தான் தொடங்குவேன். அதற்குப் பிறகு "கோயில் ரேடியோ கதைக்குது" என்று சொல்லமாட்டேன், அண்ணை. "திரேசா கதைக்கிறன்" என்றுதான் சொல்வேன்.

நீங்கள் பெயர் சொல்லாமல் போன உங்கள் தங்கச்சி,
திரேசா