தோற்றவர் துணைத் தலைவர்

11 ஜனவரி 2025, சனி
சிங்கப்பூர் வாசகர் வட்டத்தில் இன்று என் முறை. அமெரிக்காவின் முதல் அதிபர்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். ஜூனியர் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள் என்றால் சும்மா விடுவார்களா? அந்தக் காலத்துச் சட்டத்தைச் சொன்னேன்: அதிக ஓட்டு வாங்கியவர் அதிபர், அடுத்து வந்தவர் துணை அதிபர். "நல்ல ரூலா இருக்கே," என்றார் முத்துசாமி அங்கிள். அப்பாவும் தலையாட்டினார்.

செம்பவாங் கப்பல் பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்த காலத்திலிருந்தே இருவரும் நண்பர்கள். அப்பாவுக்கு முட்டி வலி. பொங்கோலிலிருந்து ரயிலில் வந்து லிட்டில் இந்தியாவில் இறங்கினால், லிஃப்ட் பக்கத்தில் அங்கிள் காத்திருப்பார். கையைப் பிடித்து அழைத்துப் போவார். கூட்டம் முடிந்ததும் தேக்கா சந்தைக் கடையில் ஒரே தட்டு மீ கோரெங் நூடுல்ஸ், இரண்டு கரண்டி.

18 ஜனவரி, சனி
வட்டத்தின் தலைவர் தேர்தல். அப்பா, அங்கிள் இருவருமே நின்றார்கள். வட்டத்தின் இளையவர்களில் ஒருவனான பிரேம் எழுந்து, "சயந்தினி அக்கா சொன்ன ரூலையே வச்சுக்கலாமே. தோத்தவர் துணைத் தலைவர். யாருக்கும் மனசு கஷ்டம் இருக்காது," என்றான்.

"அங்க அது சரிவரலை பிரேம். ரெண்டு கட்சி உருவாகி, அதிபரும் துணை அதிபரும் நாலு வருஷம் முட்டிக்கிட்டாங்க," என்றேன்.

"அது அமெரிக்கா லா. இங்க எல்லாம் நம்ம ஆளுங்கதானே?"

சிரிப்பு. கைதட்டல் வேறு. அப்பா ஜெயித்தார்.

25 ஜனவரி, சனி
வட்டத்தில் மீதிக் கதையைச் சொன்னேன். அதிபர் ஜான் ஆடம்ஸ் அடுத்த தேர்தலில் தோற்றார். ஜெயித்தவர் பழைய நண்பர் ஜெஃபர்சன், அவருக்கே துணை அதிபராக இருந்தவர். புதியவர் பதவியேற்கும் நாளில் ஆடம்ஸ் விடிவதற்கு முன்பே வண்டியேறிப் போய்விட்டார்.

"சின்னப் பிள்ளையா அந்த ஆளு?" என்றார் அப்பா. அங்கிள் அப்பாவின் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

15 மார்ச், சனி
அப்பாவுக்குச் சங்க இலக்கியம் படிக்க வேண்டும். அங்கிளுக்கு இங்கே எழுதும் இளையவர்களைப் படிக்க வேண்டும். தலைவர் ஒன்றை அறிவித்தால் துணைத் தலைவர் மறுநாளே வேறொன்றை அறிவிக்கிறார். வாட்ஸ்அப்பில் இப்போது இரண்டு குழு. இரண்டிலும் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். ஒன்றில் அப்பாவைத் திட்டுகிறார்கள், மற்றதில் அங்கிளை. எதிலிருந்து வெளியேறினாலும் மற்ற பக்கத்து ஆள் என்பார்கள்.

5 ஏப்ரல், சனி
லிஃப்ட் பக்கத்தில் யாரும் இல்லை.

14 ஜூன், சனி
கேட்டேவிட்டேன். "அங்கிளுக்கு ஒரு போன் போட்டா என்னப்பா குறைஞ்சிடும்?"

"கெழட்டு ராஜான்னு என்னைக் கூட்டத்துல சொன்னான்."

"சொன்னது பிரேம்ப்பா, அங்கிள் இல்லை."

"அவன் சிரிச்சான்ல?"

சிரித்தார்தான். நானும் பார்த்தேன்.

என்னால என்னதான் செய்ய முடியும்? ரெண்டு பேரும் இப்படிப் பிடிவாதம் பிடிச்சா நான் யார் காலைப் பிடிக்கிறது? வருஷா வருஷம் இதையெல்லாம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் — கண்ணு முன்னாடி நடக்குது, நிறுத்தத் தெரியலை.

17 ஜனவரி 2026, சனி
இந்த வருஷத் தேர்தலில் அங்கிள் ஜெயித்தார். விதிப்படி இனி அப்பா துணைத் தலைவர். அடுத்த வாரம் வட்டம் கூடும் அறையின் சாவியை அங்கிளிடம் ஒப்படைக்க வேண்டும்.

24 ஜனவரி, சனி
இன்னும் விடியவில்லை. அப்பா படுக்கையில் இல்லை. சாப்பாட்டு மேசையில் சாவி மட்டும் இருந்தது. போன் செய்தேன். "கடலோரத்துல நடக்கிறேன். நீயே குடுத்துடு," என்றார். அந்த முட்டியோடு நடக்கிறாராம். ஆடம்ஸ் கதை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

லிட்டில் இந்தியாவில் லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே அங்கிள். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. சாவியைக் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்த ரெண்டு பேரும் அப்புறம் பேசினாங்களாம்மா?"

"பேசினாங்க அங்கிள். லெட்டர் எழுதிக்கிட்டாங்க."

"எத்தனை வருஷம் கழிச்சு?"

"பதினொன்னு."

"எனக்கு எண்பது ஆச்சு லா," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமலே, "லிஃப்ட் பக்கத்துல யாராவது நின்னாங்களா?" என்றார்.

"நின்னாருப்பா."

டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.