நம் புளியமரத்துக்கு மண் மாற்றினேன்

காலையில் தண்ணீர் ஊற்றப் போனபோது பார்த்தேன். தொட்டியின் அடி ஓட்டை வழியாக வேர் ஒன்று வெளியே வந்து வெறும் சிமெண்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பேப்பர் படிக்க ஓடவில்லை. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி போய் அதையே பார்த்தேன்.

நம் போன்சாய் புளி. மலர்க் கண்காட்சியில் இருவரும் ஒரே நேரத்தில் கைவைத்த மரம். ஒரே ஆபீஸில் எதிரெதிர் மேஜை. இருவருக்கும் விட்டுக்கொடுக்கத் தெரியாது. நீதான் வழி சொன்னாய்: "ஆறு மாசம் உனக்கு, ஆறு மாசம் எனக்கு. மண் மாத்தறது மட்டும் சேர்ந்து." அப்படியே பதினோரு வருஷம் கரமனையில் என் வீட்டுக்கும் வலியசாலையில் உன் வீட்டுக்குமாக அது ஆட்டோவில் போய்வந்தது. மண் மாற்றும்போது நீ மரத்தைப் பிடிப்பாய், நான் வேரைக் கோதி வெட்டுவேன்.

கடைசியாக உன்னிடமிருந்து வந்தபோது ஒரு கிளை இல்லை. "எங்கிட்டக் கேக்காம எப்படிடா வெட்டினே?" என்று கத்தினேன். "அது அழகாவே இல்லை, கேட்டியா" என்றாய், சாதாரணமாக. உன் முறை வந்ததும் போனில் கேட்டாய்: "மரம் எப்போ வரும்?" இலை உதிர்கிறது, தேறட்டும் என்று பொய் சொன்னேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த மாதம் உன் வீட்டிலிருந்து போன் வந்தது. பேசியது நீ இல்லை.

நீ போன பிறகு இரண்டு வருஷமாக மண்ணைத் தொட மனம் வரவில்லை. இன்று உன் மனைவிக்குப் போன் செய்தேன். "எடுத்துண்டு வாங்கோ, நான் பிடிச்சுக்கறேன்" என்றார்.

உங்கள் மொட்டைமாடியில் பழைய பேப்பரை விரித்தோம். வெளியே எடுத்தபோது வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே சுருண்டு இறுகியிருந்தன. அவர் இரண்டு கையாலும் தண்டைப் பிடித்துக்கொண்டார். நான் கத்திரியை எடுத்தேன், வெட்டும் முன் சொன்னேன்:

"அப்போ இலை ஒண்ணும் உதிரலை. பொய் சொன்னேன்."

"தெரியும். அவருக்கும் தெரியும்." மரத்திலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னார். "கோபம் தணியட்டும், அவனே கொண்டு வருவான்னார். சாரமில்லை, போகட்டும், வெட்டுங்கோ. வேர் காஞ்சு போயிடும்."

வெட்டினேன். புது மண் போட்டு, கம்பியால் கட்டி, தண்ணீர் விட்டோம். மரத்தை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

அவரிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். முதல் பொய்யைச் சொன்ன இரண்டே வாரத்தில் என் கோபம் தணிந்துவிட்டது. உன் வீடு பஸ்ஸில் பத்து நிமிஷம். பிறகு ஏன் வரவில்லை என்று கேட்காதே. வீடு வந்து சேர்ந்ததிலிருந்து நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஓரிடத்தில் உட்கார முடியாமல்.