வேட்பாளரின் வீட்டுக்காரர்

கருவேலம்பட்டி,
9-ஆம் தேதி, செவ்வாய்

அன்பும் கோபமும் ஒருசேர நிறைந்த கற்பகவல்லிக்கு,

நீ போனை எடுக்கவில்லை. ஆகவே பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டும் மாரிக்கண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் அம்மா வீட்டு வாசல் வழியாகத்தானே அவன் வேன் போகிறது.

நம் ஊராட்சித் தலைவர் பதவி இந்த முறை பெண்களுக்கு என்றதும், உன்னைக் கேட்காமல் உன் பெயரில் போஸ்டர் அடித்தது தப்புத்தான். சிவகாசி பக்கத்தில் குடியிருப்பதால் வந்த வினை. மற்ற ஊர்க்காரர்கள் யோசித்துவிட்டு அச்சடிப்பார்கள். நாம் அச்சடித்துவிட்டு யோசிப்போம். என் படம் கதவளவும் உன் படம் தபால்தலை அளவும் வந்தது பிரஸ்காரர் செய்த கோளாறு என்று சொல்லலாம். நீ நம்பமாட்டாய்.

ஆனால் வலுவான தலைவர் என்றால் என்ன, சொல்? குரல் வேண்டும், எனக்கு மைக்கே தேவையில்லை. மீசை வேண்டும், இருக்கிறது. தோற்றாலும் கலங்காத நெஞ்சு வேண்டும். போன தடவை வார்டு தேர்தலில் நம் வீட்டு ஓட்டே எனக்கு முழுதாக விழவில்லை, கலங்கினேனா? நீ கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை மனுத்தாக்கல் கடைசி நாள்.

ரசம் வைத்தேன். நாயும் குடிக்கவில்லை.

உன்
பால்பாண்டி


ஏழாயிரம்பண்ணை,
11-ஆம் தேதி, வியாழன்

அன்புள்ள அத்தானுக்கு,

போனில் பேசினால் நீங்கள்தான் பேசுவீர்கள். அதனால்தான் எடுக்கவில்லை.

அந்த விழாத ஓட்டு என்னுடையது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பெண்கள் வாசலில் நின்றபோது நீங்கள் வெற்றி மாலைக்குச் சொல்லிவைக்கப் போயிருந்தீர்கள்.

நான் நிற்கிறேன். கையெழுத்துக்காக இல்லை, தலைவியாக. அங்கன்வாடியை ஒட்டிய உங்கள் நிலத்தில் பட்டாசுக் கிடங்கு கட்டக் கொழுந்தனார் அலைகிறாரே, அது நடக்காது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லப்போகிறேன். பங்காளி ஓட்டு அத்தனையும் போகும். போகட்டும். பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகும் நம் ஊர்ச் செல்வலட்சுமி பிள்ளையை அந்த அங்கன்வாடியில்தான் விட்டுப் போகிறாள். நாள் முழுக்க அவள் வெடிமருந்தோடு கிடக்கிறாள். பிள்ளையாவது அதற்கு எட்ட இருக்கட்டும்.

வேண்டியவரிடம் முடியாது என்று சொல்லத் தெரிந்தவரே தலைவர் என்பது என் எண்ணம். அது உங்கள் மீசையில் இல்லை. என்னிடம் உண்டா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

கிடங்கு இல்லை என்பதைத் தம்பியிடம் நீங்கள் வாய்திறந்து சொல்லுங்கள். சொல்லிவிட்டால் வந்து கூட்டிப் போங்கள். முடியாவிட்டால் ரசத்தோடு இருங்கள்.

கற்பகவல்லி


கருவேலம்பட்டி,
13-ஆம் தேதி, சனி

அன்புள்ள வேட்பாளர் அவர்களுக்கு,

உன் கடிதத்தை டீக்கடையில் உட்கார்ந்து படித்தேன். கடைக்காரர் கோட்டைச்சாமி பிடுங்கி ஒருதரம் படித்துவிட்டு, "ஏலே பால்பாண்டி, இம்புட்டு நாளா இந்தம்மாவ அடுப்படியிலயா வச்சிருந்த?" என்றார். எனக்கு நெஞ்சு அரை முழம் விரிந்தது. அவர் என்னைத் திட்டினார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

தம்பி ஜெயபாண்டி வீட்டுக்குப் போனேன். மைக் தேவையில்லாத என் குரலுக்கு அங்கே மைக் தேவைப்பட்டது. வாசலிலேயே நின்று சொன்னேன்: "அங்கன கிடங்கு கிடையாதுலே. ஒம் மதினியும் விடமாட்டா, நானும் நிலத்தத் தரமாட்டேன்."

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டு முற்றத்தில் பறந்தது. "நம்ம ஆளுக ஒருத்தன்கூட ஓட்டுப் போடமாட்டாக, பாத்துக்கிடுங்க!" என்று கத்தினான். நாம் தோற்கவும் கூடும், கற்பகம். ஆனாலும் திரும்பி வரும்போது என் நடையைப் பார்த்தவர்கள் நான் ஜெயித்து வருவதாக நினைத்திருப்பார்கள்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். புறப்பட்டு இரு.

ஒன்று விட்டுப்போயிற்று. தெருவே கூடி நிற்கையில் தம்பி கேட்டான்: "பொண்டாட்டி பேச்சக் கேக்கீகளே அண்ணே, வெக்கமா இல்ல?"

"நாளைக்கு ஊரே கேக்கப்போற பேச்சுலே" என்றேன். "நான் வீட்டுக்காரன், மொதல்ல கேக்கேன். அம்புட்டுத்தான்."

பால்பாண்டி