நான்கு வினாடி தாமதம்

மே 28, செவ்வாய்

பரணிலிருந்து விசிஆரை இறக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது. எல்லாம் போட்டியை நடத்தும் டெலோரிஸால் வந்த வினை. எங்கள் ஏரிக்கரை லூன் கூவல் போட்டிக்கு இது நாற்பதாவது வருடமாம். ஜூன் 22 அன்று சர்ச்சின் கீழ்த்தளத்தில் விழாவாம். 1987-இல் நான் எடுத்து, இன்றுவரை போட்டே பார்க்காத வீடியோவைத் திரையில் போட வேண்டுமாம்.

அந்த வருடம்தான் என் பெண்டாட்டி ஆர்லிஸ் அச்சு அசல் லூன் என்கிற ஏரிப் பறவை போலக் கூவி முதல் பரிசு வாங்கினாள். அரைப் புள்ளியில் தோற்றவள் இதே டெலோரிஸ். கோப்பை இன்றும் எங்கள் ஃபிரிட்ஜ் மேல், வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி இருக்கிறது.

ஆர்லிஸிடம் சொன்னேன். "அந்த டேப்பு எதுக்கு இப்ப? பூஞ்சை பிடிச்சிருக்கும், தூக்கிப் போடு" என்றாள். என்ன தன்னடக்கம்!

மே 31, வெள்ளி

ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். பெருமையாகப் போட்டுப் பார்த்தால் — அட கடவுளே. தொடக்கத்தில் எல்லாம் சரி. போகப் போகப் படம் முன்னால் ஓடுகிறது, சத்தம் நொண்டிக்கொண்டு பின்னால் வருகிறது. பாஸ்டர் ஹாட்டிஷ் என்கிற இறைச்சிப் பதார்த்தத்தை வாய் நிறைய அடைத்துக்கொண்டு ஜெபம் சொல்கிறார். நாய் வாயை மூடிய பிறகு குரைக்கிறது.

ஆர்லிஸ் வரும் ஐம்பதாவது நிமிடத்தில் நான்கு வினாடி தாமதம். ஆனால் வேடிக்கையைப் பார், அவள் கூவல் மட்டும் வாயோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. என் பெண்டாட்டி எதிலும் கச்சிதம்.

ஜூன் 3, திங்கள்

டெலோரிஸின் புருஷன் ஆர்வில், என் மீன்பிடிக் கூட்டாளி, வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "டேய் வெண்டெல், முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ரிப்பேர் பண்ணவன், ஒரு டேப்ப ஓட்டத் துப்பில்லையா?"

இவனுக்குப் படகு இன்ஜின் கிளப்பவே நான் வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

சத்தத்தை முப்பத்தொரு துண்டாக வெட்டி ஒவ்வொன்றாக நகர்த்தினேன். பாஸ்டர் சரியானார். நாய் இப்போது பூனைக்குக் குரல் கொடுக்கிறது.

ஜூன் 10, திங்கள்

காரணம் கிடைத்துவிட்டது! டேப் பழசு, படம் நடுங்குகிறது. நடுங்கும் படங்களைக் கம்ப்யூட்டர் பிடிக்க முடியாமல் அங்கங்கே விட்டுவிடுகிறது. சத்தத்தில் ஒன்றையும் விடுவதில்லை. அதனால்தான் படம் குட்டையாகி முந்துகிறது. வழி என்ன? விசிஆருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்தால் அது படத்தை நிதானப்படுத்தி அனுப்புமாம். ஊரில் அது யாரிடம் இருக்கிறது? டெலோரிஸிடம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு போய் வாங்கி வந்தேன்.

ஜூன் 12, புதன்

ரெக்கார்டரை நடுவில் வைத்து மறுபடி ஏற்றினேன். பாஸ்டர் சரி. நாய் சரி. கைதட்டல் சரி. ஆனால் ஆர்லிஸ் கெட்டுவிட்டாள்! வாயை மூடிக்கொண்டு நிற்கும்போதே கூவல் கேட்கிறது. நான்கு வினாடி கழித்து வாயைத் திறக்கிறாள் — சத்தமே இல்லை. உடனே கைதட்டல்.

ஜூன் 13, வியாழன்

சோதனை. ஆர்லிஸ் கரண்டியால் பாத்திர மூடியை அடிக்க, அதைப் பழைய கேமராவில் டேப்பாக எடுத்து, அதே வழியில் ஏற்றினேன். "இந்த வயசுல என்னை டமாரம் அடிக்க வெச்சிட்டியே" என்று திட்டிக்கொண்டே நாற்பது அடி அடித்தாள். நாற்பதும் பிசகாமல் பொருந்தின. ஆக, கருவிகள் மேல் குற்றமில்லை.

அப்படியென்றால்?

போட்டி விதிப்படி, ஆள் பார்த்து மார்க் போடக்கூடாது என்பதற்காக, கூவுகிறவர் தார்ப்பாய்க்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். நடுவருக்கும் தெரியாது, ஜனத்துக்கும் தெரியாது. பக்கவாட்டில் இருந்த என் கேமராவுக்கு மட்டும்தான் தெரியும். நானோ அதை முக்காலியில் நிறுத்திவிட்டு பீர் வாங்கப் போயிருந்தேன்.

தார்ப்பாய்க்குப் பின்னால் ஏரி. ஏரியில் —

ஐயையோ. கூவியது நிஜ லூன். அன்றைய நான்கு வினாடித் தாமதம்தான் அந்தக் குரலை இவள் வாயில் பொருத்தியிருக்கிறது.

ஜூன் 15, சனி

சாப்பாடு இறங்கவில்லை. டெலோரிஸ் போன் செய்தாள். "ஆர்லிஸ் கூவறத ரெண்டு தடவ போடணும், பெருசாப் போடணும், சரியா?" இது தெரிந்தால் ஆர்லிஸ் இந்த ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்?

ஜூன் 17, திங்கள்

துணிக்கூடையோடு உள்ளே வந்த ஆர்லிஸ் திரையைப் பார்த்துவிட்டாள். கூடையை இறக்கி வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"தொண்டை அடைச்சுப் போச்சு வெண்டெல். வாயத் திறந்தேன், வெறும் காத்துதான் வந்துது. அதுக்கு முன்னாடியே அந்தச் சனியன் கூவிடுச்சு. ஜனம் கைதட்டுது. நான் என்ன பண்ணுவேன்?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வெளிய வந்தேன். நீ பீரைக் கொட்டிக்கிட்டே ஓடி வந்து கட்டிப் புடிச்ச. உன் மூஞ்சியில அப்படி ஒரு பெருமை. எப்படிடா சொல்றது?"

அழுதாள். எனக்கும் என்னவோ போலிருந்தது. பிறகு ஒன்று உறைத்தது. "ஆர்லிஸ், நடுவருங்க அந்தப் பறவைக்குப் பத்துக்கு ஒன்பதரைதான் போட்டாங்க. நிஜ லூனுக்கு!"

அழுகையோடு சிரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சரியா இருக்கறதையே போடு. முப்பத்தேழு வருஷம் போதும்."

ஜூன் 21, வெள்ளி

என்னிடம் இரண்டு பதிவுகள். எல்லாரும் சரியாக இருப்பது ஒன்று. மே 31-இன் கோளாறு, ஆர்லிஸ் மட்டும் சரியாக இருப்பது, இன்னொன்று. எதையும் திருத்தப்போவதில்லை.

ஜூன் 23, ஞாயிறு

நேற்று கோளாறையே போட்டேன். கூடமே கெக்கலித்தது. ஜெபம் செய்யும் ஹாட்டிஷுக்குப் பாஸ்டரே கண்ணீர் வரச் சிரித்தார். ஆர்வில் எழுந்து நின்று, "யம்மாடி, இவன் ரிப்பேர் பண்ண பஸ்ஸுலயா நம்ம புள்ளைங்கள அனுப்பினோம்!" என்று கத்தினான். முப்பது வருட உழைப்பு, ஒரே நொடியில் காலி. எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆர்லிஸ் திரையில் வந்தாள். வாயைத் திறந்தாள். கூவல் ஏரி முழுக்கப் பரவியது. கூடம் கப்சிப்.

"என் ரெக்கார்டரக் குடுத்தும் இந்த லட்சணம்" என்றாள் டெலோரிஸ். "அவ ஒருத்திதான் பிசிறில்லாம வந்திருக்கா. எல்லாத்துலயும் அவதான் முந்திக்குவா."

ஆர்லிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டிலிருந்த ருபார்ப் இனிப்புப் பலகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 24, திங்கள்

காலையில் பால் எடுக்கப் போனேன். ஃபிரிட்ஜ் மேல் கோப்பை இல்லை. பதறிப்போய்த் தேடினேன். என் அறையில், விசிஆர் மேல், துடைத்துப் பளபளவென்று இருக்கிறது.